கணினிப் பந்தயமும் தோழமையும்

இணையவழி நிகழும் மோட்டார்ப் பந்தயங்களைத் தனியறையிற் காலம் போக்கும் வீண் விளையாட்டென இகழ்வாருளர். நாம் அங்ஙனம் கருதுகின்றிலம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொள்ளைநோயின் காரணமாகப் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயம் தள்ளிவைக்கப்பட, அதற்கு ஈடாகக் கணினிவழி 24 மணிப் பந்தயம் நடைபெற்றது. கார்கள் 50, காரொன்றுக்கு நால்வராக ஓட்டுநர் 200. அவருட் பலர் தத்தம் இல்லங்களிலிருந்தே ஓட்டினர்.

இத்தகைய நெடும்பந்தயத்தின் உயிர்நிலை யாதெனின், எரிபொருளுக்கும் டயருக்குமாக இடையே நிறுத்தும் 'பிட் ஸ்டாப்' என்பதேயாம். எரிபொருளை மிகுதியாக நிரப்பின், கார் பாரத்தால் வேகங்குன்றும். குறைப்பின், விரைவில் மீண்டும் நிற்க நேரும். தேய்ந்த டயரோடு விரையின், வளைவில் வழுக்கும்; அடிக்கடி மாற்றின், பொழுது வீணாகும். ஓட்டும் முறையைக் கைமாற்றுபவன், டயரின் நிலையையும் தன்னால் நேர்ந்த பழுதையும் ஒளியாதுரைத்தாலன்றி, வேறொரு நாட்டிலிருந்து அதனை ஏற்கும் தோழன் யாது செய்வான்? இன்னும் ஒரு சுற்று ஓடிப் புகழ் பெறுவோமென்று எரிபொருள் தீருமட்டும் நில்லாதவன், ஏனை மூவரின் உழைப்பையும் கெடுப்பான்.

ஆகலின், விரைவினும் வாய்மையே குழுவைக் காப்பது. உரிய பொழுதில் நின்று, பிறன் கையில் ஒப்புவிக்கக் கற்றவனே உண்மை வீரன் என்போம்.