மூல எஞ்சின் என்னும் மூடநம்பிக்கை

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது தகுமா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு ஆயத்த விடைகள் புழங்குகின்றன. முதலாவது, பக்தர்களின் விடை: ஆலையிலிருந்து வந்தபடியே வண்டி இருக்க வேண்டும், எஞ்சினைத் தொட்டவன் பாவி. இரண்டாவது, பட்டறைச் சூரர்களின் விடை: குதிரைத்திறன் கூடினால் எதுவும் தகும். இரண்டு தரப்பாரும் வண்டியைப் பார்த்துப் பேசுவதாக நமக்குத் தோன்றவில்லை. சான்றிதழைப் பார்த்து ஒருவர் பேசுகிறார், விளம்பரத் தாளைப் பார்த்து மற்றவர் பேசுகிறார்.

இலக்கியம் பேசும் இடத்தில் கார் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். பாடபேதம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நமக்கு, ‘எது மூலம்?’ என்ற கேள்வி அந்நியமானதல்லவே. அதே கேள்வி இரும்பிலும் அலுமினியத்திலும் எழுந்த கதை ஒன்று சென்னையிலேயே இருக்கிறது.

பெருங்களத்தூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உடல், 1976இல் பிரிட்டனில் வெளிவந்து 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் காராகத் தேர்வான ரோவர் எஸ்டி1 உடையது. அதை வடிவமைத்த டேவிட் பாஷ், ஃபெராரி டேடோனாவின் சாயலை ஐந்து கதவுக் காருக்குள் கொண்டுவந்தவர். நீண்ட தாழ்ந்த மூக்கு; அதனுள் 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன். நமக்கு வந்து சேர்ந்தது அந்த மூக்கு மட்டுமே. உள்ளே வைக்கப்பட்டது, 1950களில் இதே நிறுவனம் இங்கே கட்டிய வான்கார்டு காரின் வழிவந்த 1991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். திறன் எண்பது சொச்சம். வான்கார்டு பிரிட்டனில் அறிமுகமானது 1947இல். நாடு விடுதலை பெற்ற ஆண்டின் எஞ்சினை, விலையுயர்ந்த புதிய கார் என்று 1985இல் விற்றார்கள். 1988இல் உற்பத்தி நின்றது. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் நெடுங்காலம் வழக்குகளோடு அலைந்தார்கள்.

அந்த எஞ்சினை நாம் இழிவுபடுத்த வரவில்லை. ஃபெர்குசன் டிராக்டரில் உழுத எஞ்சின் அது. அதன் லைனர்கள் நீரில் நனைந்து நிற்பவை. தேய்ந்தால் உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகலாம், பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே குடும்பத்தின் 1991 சிசி வடிவம் 1953இல் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியபோது, தொண்ணூறு குதிரைத்திறனோடு மணிக்கு நூறு மைலைத் தாண்டியது. ஏனென்றால் டிஆர்2 ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள, கூரையற்ற சிறு வண்டி. ரோவரின் உடலோ ஆயிரத்து முந்நூறு கிலோவைத் தாண்டுவது. குற்றம் எஞ்சினுடையதன்று, பொருத்தியவருடையது.

இங்கேதான் வரலாறு நம்மைப் பார்த்து நகைக்கிறது. மோர்கன் என்ற சிறிய ஆங்கிலேய நிறுவனம் 1950இல் தன் ‘பிளஸ் 4’ ஸ்போர்ட்ஸ் காருக்கு இதே வான்கார்டு எஞ்சினைத்தான் வாங்கியது. பிறகு அதன் டிஆர் வடிவங்களை. அந்த எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று உணர்ந்தபோது, 1968இல் ரோவரின் வி8ஐ வைத்து ‘பிளஸ் 8’ செய்தது. அந்தக் கார் 2004 வரை விற்றது. அதாவது வான்கார்டிலிருந்து ரோவர் வி8க்குப் போனது மோர்கன். பதினேழு ஆண்டு கழித்து நாம் ரோவர் வி8க்காக வரைந்த உடலில் வான்கார்டை வைத்தோம். அவர்கள் ஏறிய படியில் நாம் இறங்கினோம்.

அந்த ரோவர் வி8 மட்டும் என்ன, ரோவரின் சொந்தப் பிள்ளையா? அமெரிக்காவில் பியூக் கைவிட்ட அலுமினிய எஞ்சின் அது. 1965இல் உரிமையை வாங்கி வந்து திருத்தி, தன் பெரிய கார்களிலும் 1970இல் ரேஞ்ச் ரோவரிலும் ரோவர் வைத்தது. ‘மூல எஞ்சின்’ என்று உருகும் பக்தர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்? உலகம் போற்றும் ரோவரின் இதயமே தத்தெடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இந்த வி8ஐ முதலில் பொருத்தி விற்றது எம்ஜி ஆலையன்று. கென் காஸ்டெல்லோ என்ற தனி மனிதர். ஆலை பின்னால் வந்து 1973இல் தன் எம்ஜிபி ஜிடி வி8ஐ வெளியிட்டது. எடுத்துக்கொண்ட வேலையைக் கவனிக்க வேண்டும். அலுமினிய வி8க்கும் பழைய இரும்பு நான்கு சிலிண்டருக்கும் எடையில் பெரிய வேறுபாடில்லை. ஆதலால் மூக்கு கனத்து வண்டி திருப்பத்தில் முரண்டு பிடிக்கவில்லை. பின் அச்சின் பல் விகிதத்தை மாற்றினார்கள். முன் பிரேக் தட்டுகளைத் தடிப்பாக்கினார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அது கார்.

நம் பட்டறைச் சூரர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். எஞ்சினைத் தூக்கி வைப்பது வேலையில் கால் பங்குகூட இல்லை. அதைத் தாங்கும் மவுண்ட்டிங், கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு, முறுக்குவிசையைத் தாங்கும் கிளட்ச், நீளம் திருத்திச் சமநிலை பார்த்த புரொபெல்லர் ஷாஃப்ட், சென்னை வெயிலுக்குப் போதிய ரேடியேட்டர், புதிய எஞ்சினென்றால் அதன் கணினியும் வயரிங்கும். கடைசியில் யாரும் காசு ஒதுக்காத பிரேக். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. தட்டைக் கடைந்து தருவார்கள். பிரேக்குக்கு யார் கணக்குப் போடுவது? செலவில் பாதி பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் போக வேண்டுமென்று சொன்னால், அந்தப் பணத்துக்கு இன்னும் பெரிய எஞ்சின் வருமே என்பார்கள். அப்படிப்பட்டவரிடம் எஞ்சின் மாற்றம் தகுமா என்று விவாதிப்பதே வீண். தகாது.

நம் நாட்டிலேயே நன்றாக நடந்த மாற்றம் ஒன்று உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸின் கன்டெஸா 1984இல் வந்தபோது, வாக்ஸ்ஹால் விக்டரின் பெரிய உடலுக்குள் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, திறன் ஐம்பது. ஸ்டாண்டர்ட் செய்ததே இங்கும் நடந்தது. ஆனால் சில ஆண்டுகளில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது, ஐந்து கியர்ப் பெட்டியோடு; திறன் 88. அதற்குப் பின்னரே கன்டெஸாவைக் கார் என்று ஊரார் ஒப்புக்கொண்டார்கள். அதை ‘மூலம் கெட்டது’ என்று அழுத ஒருவரையும் நாம் அறியோம்.

நிற்க. பட்டாபிராமில் இருந்துகொண்டு எஞ்சின் மாற்றத்தைப் பற்றி எழுதும்போது ஆவடியைத் தாண்டிப் போக முடியாது. 2025 மார்ச்சில் டி-72 பீரங்கி வண்டிகளுக்காக 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று ரஷ்யாவுடன் கையெழுத்தானது. 780 குதிரைத்திறன் எஞ்சினின் இடத்தில் 1000 குதிரைத்திறன் எஞ்சின். தொழில்நுட்பம் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வருகிறது. பல பத்தாண்டு பழைய வண்டிக்கு இது தகுமா என்று கணக்குப் பார்த்துத்தான் அரசு கையெழுத்திட்டிருக்கும். வண்டியின் உடல் இன்னும் பயன்படும், எஞ்சின் போதவில்லை. கன்டெஸாவின் கதையும் இதுவே.

பீரங்கி வண்டிக்கு இந்த நியாயத்தை வழங்கும் அரசு, கார் வைத்திருப்பவனுக்கு வழங்குவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்று அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதி செய்தது. எரிபொருளை மாற்ற அனுமதி பெற்ற கிட் பொருத்தலாம். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. பாதுகாப்புதான் நோக்கமென்றால் நாம் தலை வணங்குகிறோம். கண்டபடி எஞ்சினை ஏற்றிச் சாலைக்கு வருபவனைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் பிரேக்கையும் புகையையும் சோதித்து, தகுதியுள்ள மாற்றத்துக்குச் சான்று தரும் வழி வேண்டாமா? தயாரிப்பாளர் எழுதியதே இறுதிப் பாடம் என்று சட்டம் கொள்கிறது. ஏடு பெயர்த்தவன் கைப்பிழையையும் மூலம் என்று காப்பாற்றும் பதிப்பாசிரியரை நாம் மதிப்போமா?

ஆகவே நம் தீர்ப்பு வண்டிக்கு வண்டி மாறும். மூல எஞ்சினோடு எடையும் நடையும் இயைந்த ஒரு டிஆர் வகைக் காரில் வேறு எஞ்சின் வைப்பது வீண் செலவு. அந்தப் பணத்தில் லைனரையும் பிஸ்டனையும் மாற்றிப் பழையதையே புதிதாக்கலாம். ஸ்டாண்டர்ட் 2000இல் பழைய எஞ்சினை இறக்குவது தகும். சட்டம் மட்டும் வழிவிட்டால். வி8தான் வேண்டுமென்பதுகூட இல்லை. அந்த உடலை இழுக்கும் எதுவானாலும் சரி.

இனி விந்தையைக் கேளுங்கள். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, உடலிலும் எஞ்சினிலும் மாற்றமில்லாத வண்டி ‘விண்டேஜ்’ என்று தனிப் பதிவெண் பெறலாம். 1985இல் பதிவான ஸ்டாண்டர்ட் 2000களுக்கு அந்தத் தகுதி 2035இல் வரும். அன்று, டிராக்டரில் நன்றாக உழுத அந்த எஞ்சின், ரோவரின் மூக்குக்குள் இருந்தபடியே பாரம்பரியச் சின்னமாகிவிடும். மாற்றித் திருத்தியவனுடைய கார் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.