சொற்களை மறைக்கும் சாளரங்கள்

சொற்களை மட்டுமே கொண்டு ஆடப்படும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு என்றால் இலக்கிய வாசகர் பலர் நம்பத் தயங்குவர். அதில் படமில்லை, அசையும் உருவமும் இல்லை. பாசி படிந்த கல்மண்டபம் ஒன்றில் நீங்கள் நிற்பதாகவும், வடக்கே ஒரு வாசல் இருப்பதாகவும் ஆங்கிலத்தில் சில வரிகள் திரையில் வந்து விழும். வடக்கே செல்லும் கட்டளையைத் தட்டச்சு செய்தால் அடுத்த இடத்தின் வருணனை வரும். அதே மண்டபத்தில் உலகின் வேறொரு மூலையிலிருந்து ஆடுபவரும் நிற்கக்கூடும். அவரோடு உரையாடலாம்; போரும் புரியலாம்.

1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் விளையாட்டே இவற்றுக்கெல்லாம் மூத்தது. அதன் பெயரே பின்வந்த அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. 1990களில் தோன்றிய ஆர்ட்வுல்ஃப், அக்கேயா முதலியன இன்றும் ஆடப்படுகின்றன. நாமும் விடுமுறை இரவுகளில் இத்தகைய விளையாட்டு ஒன்றில் உலவி வருகிறோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்போருக்கு நமது விடை எளியது: அங்கும் நாம் வாசிக்கத்தான் செல்கிறோம்.

ஆனால் அந்த வாசிப்பில் ஓர் இடர் உண்டு. வரிகள் கீழிருந்து மேலாக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். போர் மூண்டுவிட்டால் யார் யாரை வெட்டினார், நமக்கு எஞ்சியுள்ள உயிராற்றல் எவ்வளவு என்பன கண் பற்றுவதற்குள் மறைந்துவிடும். நடுவே நண்பர் சொன்ன ஒரு சொல்லும் அந்த வெள்ளத்தில் போய்விடும். இதற்குத் தீர்வாக எழுந்ததே தனிச்சாளரம். விளையாட்டினுள் நுழையப் பயன்படும் மென்பொருளைக் கிளையண்ட் என்பர். நிக் கேமன் உருவாக்கிய மஷ்கிளையண்ட் என்னும் மென்பொருளில், ஆடுபவர் தாமே நிரல் எழுதிக் குறுஞ்சாளரங்களை வரைந்துகொள்ளும் வசதி 2008இல் வந்தது. மட்லெட் என்னும் மற்றொரு மென்பொருளிலும் இத்தகைய வசதி உண்டு. இரண்டிலும் பெரிதும் பயன்படும் நிரல்மொழி, 1993இல் பிரேசிலில் பிறந்த லூவா. போர்ச்சுகீசிய மொழியில் அச்சொல்லுக்கு நிலா என்று பொருள்.

மஷ்கிளையண்டில் வேலை இப்படி நடக்கும். முதலில் சாளரத்துக்கு ஒரு பெயரும், திரையில் இடமும், அகல உயரமும் தர வேண்டும். அடுத்து எழுத்துருவை ஏற்ற வேண்டும். பின்னர், வரும் வரிகளில் எது நமக்கு வேண்டியது என்பதை ஒரு வார்ப்பாக எழுதி வைக்க வேண்டும். அந்த வார்ப்புக்குப் பொருந்தும் வரி வந்தவுடன் நிரல் விழித்துக்கொள்ளும். உயிராற்றல் 1000க்கு 520 என்று வரி சொன்னால், 200 புள்ளி அகலமுள்ள பட்டையில் 104 புள்ளிகளுக்குப் பச்சை பூசும். ஒவ்வொரு முறையும் பழையதைப் பின்னணி நிறத்தால் அழித்துவிட்டே புதியதை வரைய வேண்டும். இல்லையேல் எண்ணின்மேல் எண் படிந்து, படிக்க முடியாத கோலமாகிவிடும். கணினி இயல் கல்லாத நமக்கு முதல் பட்டை திரையில் தோன்ற மூன்று இரவுகள் ஆயின. அன்று அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

தவறு அதற்குப் பின்னரே நேர்ந்தது. சாளரத்தில் காட்டிய வரி முதன்மைத் திரையிலும் எதற்கு என்று எண்ணி, அதை மறைத்துவிடுமாறு நிரலுக்குக் கட்டளையிட்டோம். அதற்கும் எளிய வசதி உண்டு. உயிராற்றல் வரி போயிற்று. அடுத்து உரையாடல் போயிற்று. வரைபடச் சாளரம் வந்தபின் இடவருணனையும் போயிற்று. ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது, கல்மண்டபம் நமக்கு ஒரு சதுரமாகவும் வாசல் ஒரு கோடாகவும் ஆகியிருந்தன. வாசிக்கச் சென்ற நாம் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நிரலைப் பார்வையற்ற நண்பர் ஒருவருக்கும் பெருமையோடு அனுப்பியிருந்தோம். திரைவாசிப்பான் துணைகொண்டு நம்மோடு ஆடுபவர் அவர். படங்களால் ஆன விளையாட்டுகள் அவர் போன்றோருக்கு அடைத்துள்ள கதவை இச்சொல் விளையாட்டுகள் திறந்துவைத்தன. "உங்கள் நிரலை ஏற்றியதும் ஊரே ஊமையாகிவிட்டது ஐயா" என்றார் அவர். குறுஞ்சாளரத்தில் நாம் எழுதுவது கணினிக்கு எழுத்தன்று, ஓவியம். திரைவாசிப்பான் அதைப் படிக்காது. நாம் மறைத்தது நமக்கு வேண்டாத வரிகளை; அவருக்கோ அவைதாம் உலகம்.

சாளரமே தீது என்பது நமது கருத்தன்று. போர்நடுவே வந்து குவியும் வரிகளை எவராலும் படிக்க இயலாது. கண்ணுக்குத் துணை வேண்டும். ஆனால் காட்டுவதும் மறைப்பதும் வெவ்வேறு செயல்கள். ஆர்ட்வுல்ஃப், அக்கேயா முதலிய விளையாட்டுகள் இன்று ஜிஎம்சிபி என்னும் நெறிமுறை வழியே உயிராற்றல், இருப்பிடம் போன்ற விவரங்களைத் திரைவரிகளோடு கலவாமல் தனியே அனுப்புகின்றன. சாளரத்தை அதைக் கொண்டே நிரப்பலாம். வரிகளைத் தொடவே தேவையில்லை.

எனவே நிரல் எழுதிப் பிறருக்கு வழங்குவோரிடம் நாம் வேண்டுவன மூன்று. எந்த வரியையும் ஆடுபவர் கேளாமல் மறைக்காதீர்கள். இடவருணனையை ஒருபோதும் தொடாதீர்கள். சாளரத்தில் காட்டுவதை, ஒரு கட்டளை இட்டால் முதன்மைத் திரையில் எழுத்தாகவும் தருமாறு செய்யுங்கள். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில வரி நிரலே.

வகுப்பில் மாணவர்க்கு நாம் சொல்வது ஒன்றுண்டு: உரையைப் படியுங்கள், ஆனால் மூலத்தை மூடிவைக்காதீர்கள். அதை மறந்தவர் ஆசிரியரே என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். மறைத்த வரிகளையெல்லாம் திரும்பக் கொணர்ந்து நிரலைத் திருத்தினோம். நண்பர் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார். நாமும் கல்மண்டபத்தின் வருணனையை மீண்டும் வாசிக்கிறோம். அதில் பாசியோடு ஒரு தவளையும் இருப்பது இத்தனை நாள் நம் கண்ணில் படவேயில்லை.