சட்டம் இருக்கிறது சரி, பால்வாடி எங்கே?

காலை ஐந்தரை மணிக்கு சூளகிரி நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் கும்பலாக நிற்பார்கள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பாக்ஸ். பேச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்திருக்கும். "பெண்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. இவர்களுடைய கைக்குழந்தைகள் இந்த நேரத்தில் யாரிடம் இருக்கின்றன?

பெரும்பாலும் மாமியாரிடம். அதாவது, புருஷன் வீட்டில். சரி, அந்த வீட்டிலேயே அடி விழுந்தால்?

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகத் தமிழ்நாட்டில் சொன்னார்கள். பக்கத்திலிருக்கும் கர்நாடகத்தில் 44 பேர். இந்திய அளவில், அடிபட்ட பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் நூற்றுக்கு வெறும் 14 பேர்!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2005இல் இயற்றி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் நல்ல சட்டம். மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. ஜீவனாம்சம், வீட்டில் இருக்கும் உரிமை எல்லாம் உண்டு. ஆனால் தாலுகா அளவில்கூடப் பாதுகாப்பு அலுவலர்களை நியமியுங்கள் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் வந்து 20 வருடம் கழித்து!

181க்கு போன் செய்யலாம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். நல்லது. ஆறாம் நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடுவது? இதற்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் "குடும்பம்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்" என்கிற சமாதானப் பேச்சு ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறது. வீட்டை விட்டால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் திரும்ப அதே வீடு.

கணக்கைப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் பேறுகாலச் சம்பளம் கிடைக்கும். அதாவது ஆறு மாதம். அங்கன்வாடியில் குழந்தையை உட்கார வைக்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். நடுவில் ஒன்றரை வருடம்? அதன் பிறகும், அங்கன்வாடி நேரம் வேறு, ஷிப்ட் நேரம் வேறு.

கம்பெனிக்குள் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சட்டம் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் என்றார்கள். 2017 திருத்தத்தில் 50 பேர் வேலை பார்த்தால் என்றார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50. செலவு முழுக்க முதலாளி தலையில். விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்ல பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்காரியை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள், கணக்கில் 49 பேரைக் காட்டுவார்கள், மீதியைக் காண்ட்ராக்டில் தள்ளுவார்கள். சிறு பட்டறையில் 20 பேரோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கோ அந்தச் சட்டமே கிடையாது.

பிரசவச் செலவுக்கு நாம் இப்படிச் செய்யவில்லையே! இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் என்று 2019 முதல் கட்டுகிறார்கள். ஆண், பெண் எல்லோர் பெயரிலும் பணம் போகிறது. அதனால் ஒருத்தியின் பிரசவம் ஒரு கம்பெனியின் சுமை ஆவதில்லை. பிள்ளை பிறக்கும் வரை இன்சூரன்ஸ், பிறந்து ஆறு மாதம் ஆனதும் உன் பாடு என்றால் என்ன நியாயம்? காப்பகச் செலவையும் அதே நிதியில் சேருங்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு சிப்காட் வளாகத்திலும் ஒன்று, ஷிப்ட் நேரத்துக்குத் திறந்து மூடும்படி வையுங்கள். சிறு பட்டறைப் பெண்ணும், காண்ட்ராக்ட் பெண்ணும் அங்கே பிள்ளையை விடட்டும்.

"கூடுதலாக யார் கட்டுவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். தொழிலாளியும் முதலாளியும் கொஞ்சம், மீதியை அரசு. பூங்கா அமைக்க நிலமும் தொழிற்சாலைக்கு மானியமும் கொடுக்கிற அரசுக்கு நாலு தொட்டிலும் இரண்டு ஆயாவும் பாரமா?

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இல் டிக்கெட் எடுத்துவிட்டார்கள், 2023இல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அடிக்கிறவன் வீட்டை விட்டு வெளியே வர ஒரு பெண்ணுக்கு பஸ் மட்டும் போதாது. பஸ் ஏறும்போது இடுப்பில் இருக்கும் பிள்ளையை இறக்கிவிட ஓர் இடம் வேண்டும். அதைக் கட்டாதவரை அந்தச் சட்டம் நூற்றுக்கு 14 பேருக்குத்தான்.