விடுதலைப் பத்திரத்தில் யார் கையெழுத்து?

பெண்ணியவாதி என்று ஓர் ஆண் தன்னைச் சொல்லிக்கொள்ளலாமா? மார்ச் 8 நெருங்கினால் கல்லூரி அரங்குகளில் இந்தக் கேள்வி எழும். இரண்டு பேர் ஆம் என்பார்கள், இரண்டு பேர் கூடாது என்பார்கள், தேநீரோடு கூட்டம் கலையும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நாம் அப்படிக் கலைந்து போய்விட முடியாது. நம் மாவட்டத்து மனிதர்களும் நம் மாவட்டத்து நீதிமன்றமும் இந்தக் கேள்விக்குள் நேரடியாக வந்து நின்றிருக்கிறார்கள்.

2025 ஏப்ரலில் அன்றைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி, சென்னையில் பெரியாரிய அமைப்பு ஒன்றின் மேடையில் பேசினார். சைவ, வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலில் உள்ள ஒரு பெண்ணோடு முடிச்சுப்போட்ட பேச்சு அது. காணொளி பரவியது. அவர் கட்சியின் கனிமொழியே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பதவி பறிபோனது. அவர் மன்னிப்புக் கேட்டார். மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போனது. 1989இல் விழுப்புரம் தொகுதியில் முதன்முதலாக வென்றவர் அவர். பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை கொடுத்த சட்டம் அந்த ஆண்டில்தான், அவர் சார்ந்த ஆட்சியில்தான் வந்தது. பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவருக்குப் பெரியாரின் பெண் விடுதலைக் கருத்துகள் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்த ஒருவர், அந்தக் கருத்துகளுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் மேடையிலேயே ஒரு பெண்ணின் உடலைச் சிரிப்புக்குப் பொருளாக்கினார். இதுதான் நம்மை உறுத்த வேண்டியது.

அந்தப் பெரியாருக்கே அந்தப் பெயர் எப்படி வந்தது? 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராமசாமியை இனிப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டவர்கள் பெண்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியிருந்தது. சொன்னதில் நிற்கிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்த பட்டம் என்றுதான் அதைக் கொள்ள வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், ஆண்கள் பாடுபட்டுப் பெண்ணுக்கு விடுதலை வந்துவிடும் என்று நம்பாதீர்கள் என்ற பொருளில் அவரே பெண்களை எச்சரிக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை பூனையும் எலியும். ஓர் ஆணாக இருந்துகொண்டே அவர் எழுதிய எச்சரிக்கை அது.

ஆகவே நம் நிலைப்பாடு இது. ஆண் பெண்ணியத்தை ஏற்கலாம்; ஏற்றே ஆக வேண்டும். ஆனால் பெண்ணியவாதி என்ற பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. அவனோடு வாழ்கிற பெண்களும் அவனோடு வேலை செய்கிற பெண்களும் கொடுக்க வேண்டிய பெயர் அது. கொடுத்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்கள், விழுப்புரம் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில், முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, அப்போது சட்டம் ஒழுங்கு சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். புகாரோடு அவர் சென்னைக்குப் புறப்பட்டபோது பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரைப் போலீசார் மறித்தார்கள். செங்கல்பட்டு எஸ்.பி.யாக இருந்த கண்ணனும் வழக்கில் சேர்க்கப்பட்டார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, 60க்கும் மேற்பட்ட சாட்சிகள் கூண்டேறினார்கள். 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் மன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கண்ணனுக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ராஜேஷ் தாஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கு அதற்கு மேலும் போனது.

அந்த 500 ரூபாயில் கொஞ்சம் நிற்போம். ஒருவரை வழிமறித்துத் தடுக்கும் குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 341ஆம் பிரிவு வைத்திருந்த அதிகபட்ச அபராதமே 500 ரூபாய்தான். சட்டம் போட்ட விலை அது. அந்தச் சாவடியில் நடந்ததன் எடையை 500 ரூபாயால் அளக்க முடியுமா? மாநிலத்தின் காவல்துறையில் உயர்பதவியில் இருக்கும் பெண்ணே புகார் கொடுக்கப் போகும் வழியில் நிறுத்தப்படுகிறார் என்றால், மயிலத்திலோ மரக்காணத்திலோ இருந்து மகளிர் காவல் நிலையத்துக்குப் பேருந்து ஏறும் பெண்ணை எத்தனை பேர் எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள்? அப்பா வாசலில் நிறுத்துவார். பெரியப்பா, ‘ஊர்ல தலை காட்ட முடியாது’ என்பார். படித்த அண்ணன், ‘இப்ப வேணாம், பேசிக்கலாம்’ என்பான். இவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். கெட்டவர்கள்கூட அல்லர்.

நம்மில் பெரும்பாலான ஆண்கள் எந்த வழக்கிலும் முதல் குற்றவாளியின் இடத்தில் நிற்கப்போவதில்லை. நாம் நிற்பது சுங்கச்சாவடியில். கை நீட்டி மறிக்கிறோமா, வழி விடுகிறோமா என்பதில்தான் நம் பெண்ணியம் இருக்கிறது. 1929இல் பெண்ணுரிமைத் தீர்மானம் நிறைவேறிய அதே செங்கல்பட்டுப் பக்கம்தான் பரனூரும் இருக்கிறது.

வழி விட்டதோடு நில்லாமல் கூடவே நடந்த ஆணையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 1993இல் விழுப்புரம் பக்கத்து அத்தியூரில், திருட்டு வழக்குக்காக வந்த புதுச்சேரி போலீசார் ஓர் இருளர் பெண்ணைக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கியதாக வழக்கு. அந்தக் குடும்பத்துக்குப் பணமும் இல்லை, ஆள்பலமும் இல்லை. திண்டிவனத்தில் இருந்த பேராசிரியர் பிரபா. கல்விமணி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். 13 ஆண்டுகள் போயின. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு போலீசாருக்குத் தலா 10 ஆண்டு சிறை விதித்தது. பிறகு உயர் நீதிமன்றத்தில் அவர்கள் விடுதலையானார்கள். அந்த முடிவு தந்த வலியை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 13 ஆண்டுகளில் பேச வேண்டியவர் அந்தப் பெண்தான்; அவர் பேசும் வரை, பேசிய பிறகும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் கூட நிற்பவரின் வேலை. ஓர் ஆணுக்குப் பெண் விடுதலையில் இடம் உண்டு என்றால் அது அந்தப் பக்கத்து இடம்.

சட்டம் இயற்றும் இடத்திலும் அப்படித்தான். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோதுதான், 1947இல், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. நம் ஊர்க்காரர் என்று பெருமைப்படலாம். ஆனால், 1920களின் இறுதியிலேயே சட்டமன்றத்தில் அதற்காகப் போராடத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையும், அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்து ஊர் ஊராகப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரையும் முதலில் சொல்ல வேண்டும்.

இப்படிக் கறாராகப் பேசினால் வருகிற ஆண்களும் ஓடிப்போவார்கள், பெண்ணியம் எல்லோருக்கும் உரியது என்று பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸே எழுதவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எழுதினார், நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆண் மாறாமல் பெண்ணின் வாழ்க்கை மாறாது. ஆனால் ஒரு பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக விலகிப் போகிறவர் எதற்காக வந்தார்? களை பறிக்கும் பெண்ணுக்கும் வரப்பு வெட்டும் ஆணுக்கும் இடையே உள்ள கூலி வித்தியாசத்தைக் கேட்க எந்தப் பெயரும் வேண்டியதில்லை. 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இந்த மாவட்டத்துப் பெண்கள் பாதி இடங்களில் இட ஒதுக்கீட்டில் நின்று வென்றார்கள். அப்படி வென்ற பெண் தலைவரின் நாற்காலியில் ‘தலைவர் ஊட்டுக்காரர்’ உட்காரும்போது, எழுந்திருங்கள் என்று சொல்லவும் பெயர் வேண்டியதில்லை.

நம் வீடுகளுக்குள் வருவோம். சொல்லவே கூச்சமாக இருக்கிற இடம் அதுதான்.

1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மணமாகாத மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பங்கு உண்டு. 2005இல் நாடு முழுவதற்குமான சட்டத் திருத்தம், மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாட்டை எடுத்தது. அப்பா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்புச் சொன்னது. செங்கல்பட்டுத் தீர்மானத்திலிருந்து எண்ணினால் 91 ஆண்டுகள்.

இவ்வளவும் வந்த பிறகு என்ன நடக்கிறது? மல்லாட்டை விளையும் இரண்டு ஏக்கரோ, நான்குவழிச் சாலையோரம் விலை ஏறிய அரை ஏக்கரோ, பங்கு பிரிக்கும் நாள் வரும். அக்காவுக்கும் தங்கைக்கும் போன் போகும். ‘ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடும்மா.’ கல்யாணத்துக்குப் போட்ட நகை, பிள்ளைக்குச் செய்த தாய்மாமன் சீர் எல்லாம் கணக்குச் சொல்லப்படும். அவளுக்குச் சட்டம் தெரியும். கையெழுத்துப் போடாவிட்டால் அண்ணன் வாசல் அடைபட்டுப் போகும், நாளைக்கு நல்லது கெட்டதுக்குத் தாய்வீட்டிலிருந்து ஆள் வராது என்பதும் தெரியும். போடுகிறாள். தன் பங்கை விட்டுக் கொடுத்து அவள் கையெழுத்திடும் ஆவணத்துக்கு நம் பதிவுத்துறை வழக்கில் உள்ள பெயர் விடுதலைப் பத்திரம்.

பெண் விடுதலை பேசும் எத்தனை அண்ணன் தம்பிகளின் பீரோவில் அந்தப் பத்திரம் இருக்கிறது? ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1851இல் திருமணம் செய்யப்போகும் நேரத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். மனைவியின் உடல்மீதும் உடைமைமீதும் ஆங்கிலச் சட்டம் கணவனுக்குத் தரும் அதிகாரங்களைத் தான் ஏற்கவில்லை, ஒருபோதும் பயன்படுத்தப்போவதுமில்லை என்பது அதன் சாரம். அது ஆண் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். பெண்களின் அடிமைநிலை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது 1869இல். கையெழுத்து முதலில், நூல் 18 ஆண்டுகள் கழித்து.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விடுதலைப் பத்திரம் பதிவாகும் முன், கையெழுத்திடும் பெண்ணை உறவினர்கள் இல்லாத இடத்தில் அமரவைத்து, அவர் பங்கின் வழிகாட்டி மதிப்பைச் சொல்லி, சம்மதம்தானா என்று கேட்க வேண்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரை இதற்கென்று சார்பதிவாளர் அலுவலகங்களில் வாரம் ஒரு நாளாவது அமர்த்தலாம். விழுப்புரம் மாவட்டத்திலேயே தொடங்கலாம்.

ஆண்களிடம் கேட்பது அதைவிட எளிது. இந்த ஆண்டு உங்கள் வீட்டில் பங்கு பிரிப்பதாக இருந்தால் அக்காவையும் தங்கையையும் கையெழுத்துக்கு அழைக்காதீர்கள், பங்குக்கு அழையுங்கள். பத்திர எழுத்தரிடம் அவர்கள் பெயரையும் அளவையும் சேர்த்துப் பாகப்பிரிவினைப் பத்திரமாகவே எழுதச் சொல்லுங்கள்.