எண்ணுக்கு முன்னால் கேள்வி

“அரசியல் நோக்கத்துக்காக வன்முறையில் இறங்குவது எந்த அளவுக்கு நியாயம்?” உலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவரிடம், வினாப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இதைக் கேட்கிறோம். “ஓரளவு” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுகிறார். நம் அட்டவணையில் அவர் வன்முறை ஆதரவாளர்.

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு அந்நாட்டில் இப்படிச் சேர்ந்த சதவீதங்கள் தலைப்புச் செய்தியாயின. ஷான் வெஸ்ட்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் அவற்றை உரசிப் பார்த்தார்கள். கூட்டத்துக்குள் ஒருவர் காரை ஓட்டிய செய்தியைப் படிக்கக் கொடுத்து, அது எந்த மாநிலத்தில் நடந்தது என்றும் கேட்டார்கள். விடை செய்தியிலேயே இருந்தது. அதைத் தவறவிட்டவர்களிடம்தான் ‘ஆதரவு’ தூக்கலாக இருந்தது. ஓட்டியவர் மீது வழக்குப் போட வேண்டுமா என்றதற்கோ, ஏறக்குறைய எல்லோருமே ஆம் என்றார்கள்.

அலட்சியத்தைக் கருத்து என்று எண்ணிவிட்டால், அதன் மேல் அடுக்கும் சமூகக் காரணங்களும் சரியும். நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் வறுமை முதல் பத்தியிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. (நானும் ஏற்றியிருக்கிறேன்.) 2009-இல் பாகிஸ்தானின் நான்கு மாகாணங்களில் 6,000 பேரிடம் நடந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. அங்கே வாசலில் நின்று தாலிபானைப் பிடிக்குமா என்று கேட்பது கேட்பவருக்கும் ஆபத்து, சொல்பவருக்கும் ஆபத்து. அதனால் ஒரு பிரிவினரிடம் போலியோ சொட்டு மருந்துத் திட்டம் போன்ற கொள்கைகளைப் பற்றி மட்டும் கேட்டார்கள். மற்றவர்களிடம், இன்ன ஆயுதக் குழு இதை ஆதரிக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டார்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தக் குழுவுக்கு மக்களிடம் உள்ள மதிப்பு. நடுத்தர வர்க்கத்தினரைவிட ஏழைகளே ஆயுதக் குழுக்களை அதிகமாக வெறுத்தார்கள். நகர்ப்புற ஏழைகளிடம் அந்த வெறுப்பு இன்னும் கூர்மை. வன்முறையின் அடி அவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இந்த முறையிலும் குறை உண்டு. மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். தனி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது தெரியாது. களத்தில் கேள்வியை ஒருவர் தன் போக்கில் சுருக்கிக் கேட்டாலே எல்லாம் கெட்டுவிடும்.

அடுத்த இதழ் முதல், வன்முறை ஆதரவுக்குச் சதவீதம் தரும் கட்டுரைகள், கேட்ட கேள்வியைக் கேட்ட மொழியிலேயே முழுமையாகத் தர வேண்டும். கவனமின்றிப் பதில் சொன்னவர்களை எப்படிப் பிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இவை இல்லாதவற்றை மதிப்பீட்டுக்கு அனுப்ப மாட்டோம்.