கெர்ட்ரூட் பெர்க்குக்கு நாம் வைத்த பாக்கி

தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாம் லூசில் பாலிலிருந்துதான் தொடங்குகிறோம். அவருடைய 'ஐ லவ் லூசி' தொடர் வந்தது 1951 அக்டோபரில். கெர்ட்ரூட் பெர்க் அதற்குள் இருபதாண்டுக்கு மேல் அமெரிக்க வீடுகளைச் சிரிக்க வைத்திருந்தார். சிறந்த நடிகைக்கான முதல் எம்மி விருதும் அந்த ஜனவரியிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. தெரிந்தவர்களும் ஒரு வரியில் அவரைக் கடந்து போனோம்.

1929 நவம்பரில் என்.பி.சி. வானொலியில் தொடங்கியது அவருடைய கோல்ட்பர்க் குடும்பக் கதை. நியூயார்க்கின் ஏழை யூதக் குடும்பம், அம்மா மாலி. எழுத்து, தயாரிப்பு, மாலி வேடம் மூன்றும் பெர்க்கே. முட்டை பொரிக்கும் காட்சி என்றால் ஸ்டுடியோவில் நிஜமாகவே முட்டை உடைத்துப் பொரிப்பார். 1939 ஏப்ரலில் வந்த பாஸ்கா விருந்துக் காட்சியில் ஜன்னல் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு ஒரு கல் வந்து விழுகிறது. மாலி பிள்ளைகளைத் தேற்ற, விருந்து தொடர்கிறது. ஜெர்மனியில் யூதர்களின் கடைகளை நொறுக்கி அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சிரிப்புத் தொடருக்குள் இதைக் கொண்டுவரத் துணிந்தவரை நாம் 'அம்மா வேடக்காரி' என்று ஒதுக்கினோம். எழுதி, தயாரித்து, நடித்த ஆர்சன் வெல்ஸுக்கோ பக்கம் பக்கமாக ஒதுக்கினோம்.

1949இல் தொடர் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்தது. மாலி ஜன்னலில் சாய்ந்து நேராக நம்மிடம் பேசுவாள். பேச்சோடு பேச்சாக சாங்கா காபி விளம்பரமும் முடிந்துவிடும். மறு ஆண்டே, அவள் கணவனாக நடித்த ஃபிலிப் லோபின் பெயர், கம்யூனிஸ்டுச் சார்புள்ளவர் என்று 'ரெட் சேனல்ஸ்' புத்தகத்தில் வந்தது. அவரை நீக்கும்படி விளம்பரதாரர் சொன்னார். பெர்க் முதலில் மறுத்தார். விளம்பரதாரர் விலகினார், 1951இல் தொடர் நின்றது. அடுத்த ஆண்டு என்.பி.சி.யில் திரும்பியபோது லோப் இல்லை. 1955இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கம்யூனிஸ்டுச் சார்பு என்று சந்தேகித்தவர்களுக்கு வேலை மறுத்த கறுப்புப் பட்டியல் என்றதும், அதில் சிக்கிய ஹாலிவுட்டின் பத்துப் பேரை மூச்சுவிடாமல் சொல்லும் நாம், ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரும் அதில் சிதைந்ததை எழுதவே இல்லை.

நேரலையில் போன பல பகுதிகள் எஞ்சவில்லை என்பது நம் சமாதானம். அவர் எழுதிய பிரதிகள் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றை யாரும் நம்மிடமிருந்து ஒளித்துவைக்கவில்லை.