கைதட்டியது போதும், கணக்கைப் பாருங்கள்

"400 டாலரில் கடை போட்டு, அமெரிக்காவின் கருவூலர் ஆன பெண்!" இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் உடனே நாலு பேருக்கு அனுப்பக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

லத்தீனா என்றால் அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண். பூர்வீகம் மெக்சிகோவோ, கியூபாவோ, போர்ட்டோ ரிகோவோ, எல்லாருக்கும் ஒரே சொல். இவர்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இரண்டே அச்சுகள்தான் இருக்கின்றன. ஒன்று, ஐயோ பாவம். இன்னொன்று, ஆஹா சாதனை. ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம். அதில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமே!

அந்த 400 டாலர் பெண்ணின் பெயர் ரொமானா அகோஸ்டா பான்யுவேலோஸ். 1925ல் அரிசோனாவில் பிறந்தவர், பிறப்பாலேயே அமெரிக்கப் பிரஜை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, "இவர்கள்தான் வேலையைப் பிடுங்குகிறார்கள்" என்று சொல்லி மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை லட்சக்கணக்கில் எல்லை தாண்டி அனுப்பினார்கள். அதில் இந்தக் குழந்தையும் போனது. சொந்த நாட்டிலிருந்தே நாடுகடத்தல்! 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பினார். 1949ல் சுமார் 400 டாலர் முதலோடு டோர்ட்டியா (மக்காச்சோள ரொட்டி, சப்பாத்திக்குத் தூரத்துச் சொந்தம்) சுட்டு விற்க ஆரம்பித்தார். அது பெரிய உணவு நிறுவனம் ஆனது. 1960களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பான் அமெரிக்கன் நேஷனல் பேங்க்கைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1971ல் அதிபர் நிக்சன் அவரைக் கருவூலர் ஆக்கினார். துரத்திவிட்ட நாட்டின் டாலர் நோட்டில் அவர் கையெழுத்து.

கைதட்டல் கதை இதோடு முடிந்துவிடும். விட்டுப்போனதைப் பார்ப்போம்.

ரொட்டி விற்றவருக்கு வங்கி எதற்கு? அந்த வட்டாரத்து மெக்சிகோ வம்சாவளி மக்களுக்குப் பெரிய வங்கிகளின் கதவு லேசில் திறக்கவில்லை, அதற்குத்தான். இதில் பெண்ணாக வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். தொழிற்கடன் வாங்க ஆண் உறவினர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி சில மாநிலங்களில் இருந்தது. அதை ஒழித்த சட்டம் வந்தது 1988ல்! அதாவது நாட்டின் நோட்டில் ஒரு பெண்ணின் கையெழுத்து செல்லும், கடன் பத்திரத்தில் தனியாகச் செல்லாது. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "விடாமுயற்சி வென்றது" என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

இன்னொன்றும் விட்டுப்போகிறது. 1971ல் பதவி உறுதியாவதற்கு முன்பே அவர் தொழிற்சாலையில் குடியேற்றத் துறை சோதனை நடந்தது. ஆவணம் இல்லாத தொழிலாளர்கள் பிடிபட்டார்கள். அங்கே அது முதல் சோதனையும் இல்லை. எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்ட சிறுமி முதலாளி ஆனபோது, அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கும் அதே பயம். இதைச் சொன்னால் அவர் மரியாதை குறைந்துவிடுமா? ஆண் தொழிலதிபர் என்றால் கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று குடைகிறோம். பெண் என்றால் மட்டும் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதா? தலைவர் என்று ஒத்துக்கொண்டால் கணக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மேசையின் எதிர்ப்பக்கமும் லத்தீனாக்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1938ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பீக்கன் கொட்டை உடைக்கும் தொழிலாளர்கள் சுமார் 12,000 பேர், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள், கூலியைக் குறைத்ததற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை நடத்திய எம்மா தெனாயூக்காவுக்கு அப்போது வயது 21. (கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிற வயது!) கம்யூனிஸ்ட் என்பதால் தொழிற்சங்கமே அவரைத் தலைமையிலிருந்து ஒதுக்கியது. பிறகு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததும், முதலாளிகள் இயந்திரத்தை இறக்கி ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெற்றியா தோல்வியா? ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, சாதனைப் பட்டியல்களில் இந்தப் பெயரை அதிகம் பார்க்க முடிவதில்லை.

அரசியலிலும் ஒரே அச்சு கிடையாது. 1989ல் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் லத்தீனா இலியானா ராஸ்-லெட்டினன் கியூபாவில் பிறந்த குடியரசுக் கட்சிக்காரர். 2007ல் பிரதிநிதிகள் சபையின் சிறுதொழில் குழுவுக்குத் தலைவரான நிதியா வெலாஸ்க்கெஸ் போர்ட்டோ ரிகோவில் பிறந்த ஜனநாயகக் கட்சிக்காரர். இருவரையும் ஒரே வாழ்த்து அட்டையில் ஒட்டினால் இருவருக்குமே கோபம் வரும்.

கடைசியாக டொலோரஸ் ஹுவெர்ட்டா. 1962ல் சீசர் சாவேஸோடு சேர்ந்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தவர். 1966ல் ஷென்லி நிறுவனத்தோடு உட்கார்ந்து பேரம் பேசி ஒப்பந்தத்தை முடித்தவரும் இவர்தான். ஆனாலும் பல காலம் இவருக்குக் கிடைத்த அடைமொழி, சாவேஸுக்குத் "துணை நின்றவர்". 1972ல் அரிசோனாவில் இவர் சொன்ன "சீ, செ புவேதே", அதாவது "ஆம், முடியும்" என்ற கோஷத்தையும் ஊரெல்லாம் சாவேஸ் கணக்கில்தான் வரவு வைத்தது. 2008ல் ஒபாமா அதையே ஆங்கிலத்தில் முழங்கி அதிபர் ஆனார். 2012ல் வெள்ளை மாளிகையில் ஹுவெர்ட்டாவுக்குப் பதக்கம் அணிவித்தபோது, கோஷத்தை இவரிடமிருந்துதான் திருடியதாக எல்லார் முன்னாலும் சிரித்தபடி ஒத்துக்கொண்டார். கோஷத்துக்கு அப்போது வயது 40. ஹுவெர்ட்டாவுக்கு 82.